மஞ்சள் வெயில், சிவந்த சினார், நடுவில் ஒரு முகம்: தெரியுமா உங்களுக்கு?

உலகில் தன்னைத்தானே படம் பிடித்துக்கொண்ட முதல் ஆட்களில் ஒருவர் எந்தப் பருவத்தில் அதைச் செய்தார், தெரியுமா?

இலையுதிர் காலத்தில்! ஆண்டு 1839. அக்டோபர் அல்லது நவம்பர் மாதம். அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் ராபர்ட் கார்னீலியஸ் என்ற 30 வயது இளைஞர், தன் குடும்பத்தின் விளக்குக் கடைக்குப் பின்புறம் கேமராவை நிறுத்தினார். எதிரே வந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றார். தலை கலைந்திருக்கிறது, காலர் தூக்கியிருக்கிறது, பார்வை ஒரு பக்கமாகப் போகிறது. அசையாமல் நின்றார், படம் பதிந்தது! இன்றைக்கும் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தில் அந்தத் தகடு இருக்கிறது.

விளக்கு விற்கும் வீட்டுப் பிள்ளை, ஒரு விளக்கும் ஏற்றாமல் பகல் வெளிச்சத்தில் எடுத்த படம்! இன்னொரு வியப்பும் உண்டு. சில ஆண்டுகள் போட்டோ ஸ்டுடியோ நடத்திவிட்டு, அதை மூடிவிட்டு மறுபடியும் விளக்கு வியாபாரத்துக்கே போய்விட்டார் மனிதர்!

‘கோல்டன் அவர்’ ஒரு மணி நேரம்தானா?

இல்லவே இல்லை! காலையில் சூரியன் எழுந்தவுடன், மாலையில் விழுவதற்கு முன், முகங்களெல்லாம் தங்க முலாம் பூசியதுபோல் ஆகும் பொழுதைப் போட்டோகிராபர்கள் ‘கோல்டன் அவர்’ என்கிறார்கள். சினிமாக்காரர்களுக்கு அது ‘மேஜிக் அவர்’. ஆனால் கடிகாரத்தை வைத்துப் பார்த்தால் ஊருக்கு ஊர் கணக்கு மாறும்!

நவம்பர் முதல் வாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சூரியன் அடிவானத்திலிருந்து 6 டிகிரி உயரத்துக்கு இறங்கியதும் ஸ்டாப்வாட்சை அழுத்துங்கள். சென்னையில் அது அடிவானத்தைத் தொட ஏறக்குறைய 25 நிமிடம்தான்! ஸ்ரீநகரில் 30 நிமிடம். லண்டனில் 40 நிமிடத்துக்கும் மேல். பின்லாந்தின் ஹெல்சின்கியில் கிட்டத்தட்ட ஒரு மணி நேரம்!

ஏன் இப்படி? நம் பக்கம் சூரியன் ஏறக்குறைய செங்குத்தாக இறங்கும். வடக்கே போகப் போகச் சாய்ந்து சறுக்கும். அதனால்தான் நம் ஊரில் ‘கொஞ்சம் இருங்க, சட்டை மாத்திட்டு வரேன்’ என்று உள்ளே போனவர் திரும்பி வருவதற்குள் வெளிச்சம் போய்விடுகிறது!

சென்னைக்கும் காஷ்மீருக்கும் ஒரே நேரத்தில் அந்தியா?

இதைக் கேளுங்கள்! சென்னைக்கும் ஸ்ரீநகருக்கும் நடுவே ஏறத்தாழ 2,400 கிலோமீட்டர். ஆனாலும் நவம்பர் முதல் வாரத்தில் இரண்டு ஊரிலும் சூரியன் மறைவது மாலை 5.40-ஐ ஒட்டித்தான்! வித்தியாசம் சில நிமிடங்களே! விடியலில்தான் வேடிக்கை. சென்னையில் 6 மணியை ஒட்டி எழும் சூரியன், ஸ்ரீநகரில் எழுவதற்கு ஏழு மணி ஆகப் போகும். கிட்டத்தட்ட 50 நிமிடம் தாமதம்! அதிகாலை அலாரத்துக்கு அஞ்சும் போட்டோகிராபருக்கு இதைவிட நல்ல செய்தி உண்டா?

வெயில் ஏன் மஞ்சளாகிறது?

உச்சி வெயில் காற்று மண்டலத்தை நேராகத் துளைத்துக்கொண்டு வருகிறது. அடிவானத்துச் சூரியனின் ஒளியோ, அதைப்போல ஏறத்தாழ 38 மடங்கு காற்றைக் கடந்து வருகிறது! முப்பத்தெட்டு! வழியெல்லாம் காற்றின் மூலக்கூறுகள் ஊதாவையும் நீலத்தையும் பிடித்து நாலாபுறமும் சிதறடிக்கின்றன. சிவப்பு ஒளியைவிட ஊதா ஒளி 9 மடங்குக்கு மேல் சிதறுகிறது! மிஞ்சி உங்கள் முகத்துக்கு வந்து சேர்வது மஞ்சளும் ஆரஞ்சும் சிவப்பும்தான்.

இதைவிடப் பெரிய அதிசயம் ஒன்று. அடிவானத்தைத் தொட்டுக்கொண்டு நிற்கிறதே சூரியன், அது உண்மையில் அங்கே இல்லை! ஏற்கெனவே மறைந்துவிட்டது! காற்று மண்டலம் ஒளியை வளைத்து, சூரியனை அதன் சொந்த அகலத்தைவிடச் சற்றுக் கூடுதலாக மேலே தூக்கிக் காட்டுகிறது. ‘சீக்கிரம், சூரியன் போறதுக்குள்ள ஒரு படம்!’ என்று நீங்கள் பதறும்போது, அது போய் இரண்டு மூன்று நிமிடம் ஆகியிருக்கும்!

கண்ணுக்கு என்ன ஆகிறது?

தெளிந்த உச்சி வெயிலின் வெளிச்சம் ஒரு லட்சம் லக்ஸ் வரை போகும். சூரியன் அடிவானத்தில் நிற்கும்போது அது சில நூறு லக்ஸாகச் சரிந்துவிடும்! நூற்றுக்கணக்கான மடங்கு சரிவு! நம் கண்கள் இதைச் சமாளித்துக்கொள்வதால் நமக்கு அவ்வளவாக உறைப்பதில்லை. கேமராவுக்கு உறைக்கும்! நிமிடத்துக்கு நிமிடம் அளவை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும்.

முகத்துக்கு இதில் என்ன லாபம்? மதியத்தில் நெற்றியும் புருவமும் கண்ணின்மேல் நிழல் போடும். கண்குழி இரண்டும் கறுத்துவிடும். கண்ணைச் சுருக்கிக்கொண்டுதான் யாரும் நிற்க முடியும். தாழ்ந்த வெயிலோ பக்கவாட்டில் வந்து கண்ணுக்குள்ளேயே நுழைகிறது! கருவிழியில் ஒரு சின்ன ஒளிப்புள்ளி மின்னும். அந்தப் புள்ளி இல்லாவிட்டால் எத்தனை அழகான கண்ணும் படத்தில் சோர்ந்து கிடக்கும். படம் எடுப்பவர்கள் முதலில் தேடுவதே அதைத்தான்!

நிழலின் நீளம் தெரியுமா? சூரியன் 6 டிகிரி உயரத்தில் இருந்தால், 5 அடி உயரமுள்ளவரின் நிழல் 48 அடி! 1 டிகிரிக்கு இறங்கினால் 286 அடி! ஆள் இங்கே, அவர் தலையின் நிழல் அடுத்த தெருவில்!

மதியமும் தப்பில்லை, எப்போது?

ஸ்ரீநகரில் ஜூன் மாத நடுப்பகலில் சூரியன் 79 டிகிரி உயரத்தில், கிட்டத்தட்டத் தலைக்கு நேர்மேலே நிற்கும். நவம்பர் முதல் வாரத்து நடுப்பகலில்? வெறும் 40 டிகிரி! பாதி உயரம்தான்! அதாவது இலையுதிர் காலத்து நடுப்பகல் வெயிலே நம் ஊர் மூன்றரை மணி வெயில்போல சாய்ந்து விழுகிறது.

டச்சு ஓவியர் ரெம்பிராண்ட் பெயரில் ஒரு ஒளியமைப்பு இருக்கிறது. விளக்கை ஏறக்குறைய 45 டிகிரி உயரத்தில் ஒரு பக்கமாக வைத்தால், நிழல் விழுந்த கன்னத்தில் கண்ணுக்குக் கீழே சின்ன முக்கோணமாக வெளிச்சம் விழும். ஸ்டுடியோக்காரர்கள் ஸ்டாண்டும் விளக்கும் வைத்து மல்லுக்கட்டிக் கொண்டுவரும் அந்த முக்கோணத்தை, இலையுதிர் கால மதிய வெயில் சும்மாவே கொடுக்கிறது! ஆளைக் கொஞ்சம் திருப்பி நிறுத்தினால் போதும். இயற்கையின் இந்தத் தாராளத்தை நினைத்தாலே எனக்குச் சிலிர்க்கிறது!

இலை மஞ்சளாக மாறுகிறதா?

மாறவே இல்லை! மஞ்சள் அங்கேயேதான் இருந்தது! வசந்தத்தில் துளிர்த்த நாளிலிருந்தே இலைக்குள் மஞ்சள், ஆரஞ்சு நிறமிகள் உண்டு. பச்சையம் அதிகமாக இருந்து அவற்றை மறைத்துவைத்திருந்தது. பகல் குறைந்து குளிர் ஏறியதும் மரம் பச்சையத்தைச் சிதைத்து, இலையிலுள்ள சத்தைத் திரும்ப இழுத்துக்கொள்கிறது. திரை விலகுகிறது, மஞ்சள் தெரிகிறது!

சிவப்பு மட்டும் வேறு கதை. அதைப் பெரும்பாலான மரங்கள் இலையுதிர் காலத்தில்தான் புதிதாகத் தயாரிக்கின்றன! உதிரப்போகிற இலைக்கு எதற்கு இத்தனை செலவு? விஞ்ஞானிகள் இன்னும் விவாதித்துக்கொண்டே இருக்கிறார்கள். பகலில் நல்ல வெயில், இரவில் உறையாத அளவுக்குக் குளிர் என்று வரிசையாகச் சில நாள் அமைந்தால் சிவப்பு பற்றி எரியும்!

தரையே ரிஃப்ளெக்டர்!

கோடையில் மரத்தடியில் எடுத்த படங்களில் முகம் ஏன் ஒரு மாதிரி பச்சை பூத்துக் கிடக்கிறது என்று யோசித்ததுண்டா? மேலே இலை பச்சை, கீழே புல் பச்சை. இரண்டும் பச்சை ஒளியை முகத்தில் தெளிக்கின்றன!

இலையுதிர் காலத்தில் அதே மரத்தடி தலைகீழாக மாறிவிடுகிறது. உதிர்ந்த இலைகள் தரை முழுக்க மஞ்சளாகவும் செம்பழுப்பாகவும் கிடக்கின்றன. அதில் வெயில் பட்டுக் கீழேயிருந்து மேலே எழும் ஒளி, தாடைக்கு அடியிலுள்ள நிழலைக் கரைக்கிறது. கார்த்திகை அகல்விளக்கு வரிசைமேல் குனிந்த முகத்தைப் பார்த்திருப்பீர்களே, அந்த ஒளி! போட்டோகிராபர்கள் காசு கொடுத்துத் தங்க நிற ரிஃப்ளெக்டர் வாங்குகிறார்கள். காஷ்மீரின் சினார் மரமோ ஏக்கர் கணக்கில் இலவசமாக விரித்துவைக்கிறது!

ஆளைத் தரையில் உட்காரவைத்துப் பாருங்கள். நிற்கும்போது கிடைப்பதைவிடக் கூடுதலாகப் பொன் முகத்தில் ஏறும்!

நசீம் பாக்: மரத்திலிருந்து இறங்கிவரும் வெயில்

சினார் என்றதும் காஷ்மீருக்குப் போகாமல் முடியுமா? இலையுதிர் காலத்தைக் காஷ்மீரிகள் ‘ஹருத்’ என்பார்கள். அக்டோபர் கடைசியிலிருந்து நவம்பர் நடு வரை அதன் உச்சம். நம் ஊரில் ஐப்பசி மழை கொட்டி, குடையைத் தேடிக்கொண்டிருக்கிறோமே, அதே நாட்களில் அங்கே மரங்கள் பொன்னும் செம்புமாக நிற்கின்றன!

ஸ்ரீநகரில் தால் ஏரியின் மேற்குக் கரையில், ஹஸ்ரத்பால் பள்ளிவாசலுக்குப் பக்கத்தில், காஷ்மீர் பல்கலைக்கழக வளாகத்துக்குள் இருக்கிறது நசீம் பாக். முகலாயர் காலத்துச் சினார் தோப்பு! அப்போது 1,200 கன்றுகள் நட்டதாகச் சொல்வார்கள். இன்று நிற்பவை நூற்றுக்கணக்கில்.

இங்கே காலையில் நடப்பதைப் பாருங்கள். ஏரிக்கு அந்தப் பக்கம், கிழக்கே, ஜபர்வான் மலைத்தொடர். பஞ்சாங்கப்படி சூரியன் எழுந்துவிட்டாலும் மலை அதை மறைத்து நிற்கும். தோப்புக்குள் நீலக் குளிர். பிறகு சட்டென்று சினாரின் உச்சிக் கிளை மட்டும் பற்றிக்கொள்ளும்! கீழே இன்னும் நிழல். சூரியன் மலைக்கு மேலே ஏற ஏற, அந்த மஞ்சள் கோடு கிளை கிளையாகக் கீழே இறங்கிவரும். பட்டையின் சாம்பலும் வெள்ளையுமான திட்டுகள் ஒவ்வொன்றாகத் தெளியும். அடிமரத்தில் சாய்ந்து ஒரு பாட்டி ஃபிரன் அங்கியோடு நிற்கிறார் என்று வையுங்கள். கோடு முதலில் தலைமுக்காட்டைத் தொடும், பிறகு நெற்றிச் சுருக்கங்கள், பிறகு கண்கள்! சுருக்கம் ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம் பொன், மறுபக்கம் மெல்லிய நிழல். மூச்சு ஆவியாக வெளியே வந்து, அதுவும் வெயிலில் ஒளிரும்! அழுத்த வேண்டிய கணம் அதுதான். கோடு தோளுக்குக் கீழே இறங்கிவிட்டால் முகம் முழுக்க வெளிச்சமாகிவிடும். அப்போதும் அழகுதான், ஆனால் அந்தப் பாதி ஒளி, பாதி நிழல் போய்விடும்!

அந்த ஃபிரனுக்குள் என்ன இருக்கும், தெரியுமா? நெருப்பு! மண்சட்டியில் கங்கு போட்டு, பிரம்புக் கூடையில் வைத்த ‘காங்க்ரி’. கங்குக்கு எரிபொருள்? உதிர்ந்த சினார் இலைகளைக் கூட்டி எரித்துக் கரியாக்கி வைத்துக்கொள்வது அங்கே வழக்கம்! படத்தில் பின்னணியாக மின்னும் இலையேதான் படத்தில் இருப்பவரின் கையைச் சூடாக்குகிறது!

மரத்துக்கும் ஆதார் உண்டு என்றால் நம்புவீர்களா? ஜம்மு காஷ்மீரில் 28,000-க்கும் மேற்பட்ட சினார் மரங்களைக் கணக்கெடுத்து, இருப்பிடம் குறித்து, தனி எண் கொடுத்திருக்கிறார்கள்! கியூஆர் பலகையை ஸ்கேன் செய்தால் மரத்தின் வயதும் நலமும் போனில் வரும்! பட்காம் மாவட்டத்தின் சத்தர்காமில் உள்ள ஒரு சினார் 1374-இல் நடப்பட்டதாகச் சொல்லப்படுகிறது. அதாவது, பாபர் டெல்லியைப் பிடிப்பதற்கு 150 ஆண்டுகளுக்கு முன்பே அது அங்கே இலை உதிர்த்துக்கொண்டிருந்திருக்கிறது!

ஒரு கிலோவுக்கு ஒன்றரை லட்சம் பூ!

ஸ்ரீநகருக்குத் தெற்கே பாம்பூர். ஹருத் காலத்தில்தான் அங்கே குங்குமப்பூ பூக்கும். மொத்தமே இரண்டு மூன்று வாரம்! வெயில் ஏறினால் பூ வாடும் என்பதால் விடியலிலேயே பறிப்பார்கள். ஒரு பூவுக்கு மூன்றே சிவப்பு இழை. ஒரு கிலோ குங்குமப்பூவுக்கு ஏறத்தாழ ஒன்றரை லட்சம் பூ வேண்டும்! ஊதாப்பூ நிலத்தில் குனிந்திருக்கும் முகம், பக்கவாட்டில் மஞ்சள் வெயில். நிறச்சக்கரத்தில் ஊதாவும் மஞ்சளும் நேரெதிர் நிறங்கள். ஒன்று இன்னொன்றைத் தூக்கிக்காட்டும்!

மாடு தின்ற காட்சி

உலக சினிமாவின் புகழ்பெற்ற காட்சி ஒன்றை மாடுகள் தின்றுவிட்டன, தெரியுமா?

சத்யஜித் ராய் ‘பதேர் பாஞ்சாலி’ படப்பிடிப்பை 1952 அக்டோபர் 27-இல் தொடங்கினார். வங்காளத்தில் அது காஷ் எனும் வெள்ளை நாணல் பூத்துக் குலுங்கும் பருவம். அக்கா துர்காவும் தம்பி அப்புவும் பூக்களுக்குள் நடக்கும் காட்சி. ஒரு நாள் எடுத்தாயிற்று. அடுத்த ஞாயிற்றுக்கிழமை கேமராவோடு வந்தால், பூவைக் காணோம்! மாடுகள் மேய்ந்து முடித்துவிட்டன! பிறகு? மறுவருடம் பூக்கும்வரை காத்திருந்தார்கள்! ஒரு காட்சிக்காக ஒரு வருடம்!

அதன் ஒளிப்பதிவாளர் சுப்ரதா மித்ராவுக்கு அப்போது வயது இருபதைச் சற்றே தாண்டியிருந்தது. அதற்கு முன் சினிமா கேமராவை இயக்கியதே இல்லை! பின்னாளில் ‘அபராஜிதோ’வுக்காக ஸ்டுடியோவில் காசி வீட்டு முற்றம் போட்டபோது, மேலே வெள்ளைத்துணி கட்டி, அதில் விளக்கொளியைப் பட்டுத் தெறிக்கவிட்டு, வானத்து வெளிச்சத்தையே வரவழைத்தார். இன்று நம் படப்பிடிப்புகளில் நடிகர் முகத்துக்கு எதிரே தெர்மாகோல் பிடிக்கிறார்களே, அதுவும் இதே வித்தைதான்!

நாள் முழுக்கக் காத்திருந்து 25 நிமிடம் வேலை!

1976 இலையுதிர் காலம், கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணம். டெரன்ஸ் மாலிக் இயக்கிய ‘டேஸ் ஆஃப் ஹெவன்’ படப்பிடிப்பு. பகலெல்லாம் ஆயத்தம், ஒத்திகை. சூரியன் விழுந்து வானம் இருட்டுவதற்குள் கிடைக்கும் 20, 25 நிமிட வெளிச்சத்தில் கேமரா ஓடும்! படத்தின் பெரும்பகுதி அந்தச் சொற்ப நிமிடங்களில் பிடித்தது!

வாயைப் பிளக்கவைக்கும் செய்தி இனிமேல்தான். ஒளிப்பதிவாளர் நெஸ்டோர் ஆல்மென்ட்ரோஸுக்கு அப்போது கண்பார்வை மங்கிக்கொண்டே போனது! உதவியாளரைப் போலராய்டு படம் எடுக்கச் சொல்லி, அதைக் கனத்த மூக்குக்கண்ணாடி வழியாக உற்றுப் பார்த்து ஒளியை முடிவு செய்வார். அந்தப் படத்துக்காக 1979-இல் சிறந்த ஒளிப்பதிவுக்கான ஆஸ்கரை வாங்கினார்! ஒளியைத் தேடித் தேடிப் பார்த்த மனிதர் அவர். அவரை நினைத்தால் கும்பிடத்தான் தோன்றுகிறது!

அதே படத்தில் வெட்டுக்கிளிக் கூட்டம் வானில் எழும்பும் காட்சி உண்டு. பறப்பவற்றில் பெரும்பாலானவை நிலக்கடலைத் தோல்! ஹெலிகாப்டரிலிருந்து தோலைக் கொட்டினார்கள், நடிகர்கள் பின்னோக்கி நடந்தார்கள், ஃபிலிமைத் தலைகீழாக ஓட்டினார்கள். விழுந்த தோலெல்லாம் மேலே பறந்தது!

நிலவைக் கேட்டு நேரம் அறிந்தார்கள்!

அமெரிக்காவின் நியூ மெக்ஸிகோ. மாலை வெயில் கல்லறைச் சிலுவைகளைக் கடைசியாகத் தொட்டுக்கொண்டிருக்கிறது. காரில் போய்க்கொண்டிருந்த அன்செல் ஆடம்ஸ் சடாரென்று வண்டியை நிறுத்துகிறார். கேமராவை நாட்டுகிறார். ஒளி அளக்கும் மீட்டரைக் காணோம்! நிலவின் ஒளிர்வு எத்தனை என்று மனப்பாடமாகத் தெரியும். அதை வைத்தே கணக்குப் போட்டு ஒரு படம் எடுக்கிறார். இரண்டாவது எடுப்பதற்குள் சிலுவைகளின் மேல் வெயில் போய்விட்டது! அந்த ஒற்றைப் படம்தான் உலகப் புகழ்பெற்ற ‘மூன்ரைஸ், ஹெர்னாண்டஸ்’.

தேதியை அவர் குறித்துவைக்கவில்லை. என்ன ஆண்டு என்றே மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். கடைசியில் வானியல் அறிந்தவர்கள் படத்திலுள்ள நிலவின் இடத்தை அளந்து கண்டுபிடித்தார்கள்: 1941 நவம்பர் 1, மாலை 4 மணி 49 நிமிடம்! இதுவும் இலையுதிர் காலத்து அந்திதான், பார்த்தீர்களா!

உருளைக்கிழங்கில் கலர் போட்டோ!

வெயிலின் மஞ்சளையும் இலையின் சிவப்பையும் முதன்முதலில் சாதாரண ஆட்களும் கலரில் பிடிக்கவைத்தது எது தெரியுமா? உருளைக்கிழங்கு! 1907-இல் பிரான்ஸின் லூமியேர் சகோதரர்கள் ‘ஆட்டோக்ரோம்’ கண்ணாடித் தகட்டை விற்பனைக்குக் கொண்டுவந்தார்கள். உருளைக்கிழங்கு மாவின் நுண்துகள்களுக்கு ஆரஞ்சு, பச்சை, ஊதா சாயம் ஏற்றித் தகட்டில் தூவினார்கள். ஒரு சதுர அங்குலத்தில் ஏறத்தாழ 40 லட்சம் துகள்! ஆல்பர்ட் கான் என்ற பிரெஞ்சு வங்கியாளர் உலகெங்கும் ஆட்களை அனுப்பி இப்படி 72,000 தகடுகள் சேர்த்தார்! முகங்கள், தெருக்கள், தோட்டங்கள், எல்லாமே கிழங்கு மாவில்!

1935-இல் வந்த கோடாக்ரோம் ஃபிலிமைக் கண்டுபிடித்தவர்கள் இரண்டு இசைக் கலைஞர்கள். இருட்டறையில் கடிகாரம் பார்க்க முடியாதே! பிராம்ஸின் சிம்பொனியைச் சீட்டியடித்து, தாளக் கணக்கில் நேரத்தை அளந்தார்கள்!

சாக்லேட்காரர்களுக்கு நன்றி!

இது நம் எல்லோருக்கும் நெருங்கிய சங்கதி. பல ஆண்டுகள் கலர் ஃபிலிமின் நிறத்தைச் சரிபார்க்க வெள்ளைக்காரப் பெண்ணின் படம் போட்ட ‘ஷெர்லி’ அட்டைதான் அளவுகோல்! கறுப்பு, மாநிறத் தோலின் நுட்பங்கள் எல்லாம் அதில் தொலைந்தன. பழுப்பு நிறங்கள் சரியாகப் பதிய வேண்டும் என்று ஃபிலிம் நிறுவனத்தை நெருக்கியவர்கள் யார் தெரியுமா? சாக்லேட் விளம்பரம் எடுத்தவர்களும் மர நாற்காலி, மேசை விற்றவர்களும்! மில்க் சாக்லேட்டுக்கும் டார்க் சாக்லேட்டுக்கும் படத்தில் வித்தியாசம் தெரியவில்லையாம்!

தாழ்ந்த வெயிலுக்கு அந்தப் பாகுபாடு தெரியாது. கறுத்த கன்னத்தின் மேட்டில் அது தேன் நிறமாக வழுக்கி ஓடும் அழகை, பவுடர் அப்பி ஃபிளாஷ் அடித்து எடுத்த எந்தக் கல்யாண ஆல்பத்திலும் பார்க்க முடியாது. மாநிறக்காரர்கள், கறுப்பானவர்கள் எல்லோரும் கட்டாயம் இந்த வெயிலில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்!

பொன்னைத் திருடும் கேமரா

கண்ணுக்குத் தங்கமாகத் தெரிந்த வெயில் படத்தில் வெளிறிப்போகிறதா? செட்டிங்கைப் பாருங்கள்! ‘ஆட்டோ ஒயிட் பேலன்ஸ்’ பல சமயம் அந்த மஞ்சளைத் தப்பு என்று நினைத்துத் ‘திருத்தி’விடுகிறது! அதை ‘டேலைட்’ அல்லது ‘கிளவுடி’க்கு மாற்றுங்கள். பொன் திரும்பி வரும்!

நிறத்தை அளக்கும் கெல்வின் கணக்கே விசித்திரம். மெழுகுவர்த்திச் சுடர் சுமார் 1,900 கெல்வின். நடுப்பகல் வெயில் சுமார் 5,500. நீல வானத்து நிழல் அதற்கும் மேல். எண் ஏற ஏற நிறம் நீலமாகிக் குளிர்கிறது! நாம் ‘சூடான நிறம்’ என்பது குறைந்த கெல்வின்! தலைகீழ்!

ஆப் எதுவும் இல்லாமல் நேரம் பார்க்க வேண்டுமா? கையை நேராக நீட்டி, நடு மூன்று விரல்களைப் படுக்கவைத்து அடிவானத்தின்மேல் பிடியுங்கள். அந்த மூன்று விரல் அகலம் ஏறக்குறைய 5 டிகிரி. சூரியன் அதற்குள் வந்துவிட்டால் பொன் வேளை தொடங்கிவிட்டது! ஒன்று மட்டும், சூரியனை நேராகவோ, லென்ஸ் வழியாகவோ உற்றுப் பார்க்கவே கூடாது.

146 மரம், ஒரே தெரு!

டோக்கியோவின் மெய்ஜி ஜிங்கு கையென் பூங்கா முகப்பில் 146 கிங்கோ மரங்கள் வரிசைகட்டி நிற்கின்றன. நவம்பர் கடைசியில் அத்தனையும் பசுமஞ்சள் தாண்டிப் பொன் மஞ்சள்! கிங்கோ குலம் டைனோசர் காலத்திலிருந்தே இருக்கிறது! ஹிரோஷிமாவில் 1945 அணுகுண்டுக்கும் தப்பிய கிங்கோ மரங்கள் உண்டு. அவை இப்போதும் ஒவ்வோர் ஆண்டும் மஞ்சளாகி நிற்கின்றன!

சூரியன் மறைந்ததும் கிளம்பிவிடுகிறீர்களா?

போகாதீர்கள்! கேமராவைப் பைக்குள் வைக்காதீர்கள்! அடிவானம் திறந்து கிடக்கும் ஏரிக்கரையோ கடற்கரையோ வயல்வெளியோ என்றால், சூரியன் மறைந்த அடுத்த சில நிமிடங்களில் மேற்கை விட்டுவிட்டுக் கிழக்கே திரும்புங்கள். அடிவானத்தை ஒட்டி நீலச்சாம்பல் பட்டை ஒன்று, அதன்மேல் ரோஜா நிறப் பட்டை ஒன்று. ரோஜாப் பட்டைக்கு ‘வீனஸ் பெல்ட்’ என்று பெயர். கீழே இருக்கும் அந்த நீலச்சாம்பல் என்ன தெரியுமா? நாம் நிற்கும் பூமியின் நிழல்! காற்று மண்டலத்தின்மேல் விழுந்து, மெல்ல மேலே ஏறிக்கொண்டிருக்கிறது! மேற்கு வானத்தின் மிச்ச ஒளி, நிழலே இல்லாமல் மெத்தென்று முகத்தில் விழும். உங்கள் ஆளை மேற்கே பார்க்கச் சொல்லுங்கள், சட்டென்று அழுத்துங்கள்! மொத்த பூமியின் நிழலையும் பின்னணித் திரையாகக் கட்டிய போர்ட்ரெய்ட் உங்கள் கையில்!